சாமுவேல் சம்பூர்ணம் எழுதியது

காஞ்சிபுரம்
9-1-1968

அன்புள்ள சம்பூர்ணம் அம்மாளுக்கு,

ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் தணிகாசலம் எழுதுவது. சென்ற வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்காக இங்கே ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தவன். அங்கே நர்ஸாக இருந்த நீங்கள் காய்ச்சல் சார்ட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவந்த நாவலின் ஒரு தாள் என் கட்டிலுக்கு அடியில் வந்து விழுந்தது. அதை அனுமதி இல்லாமல் படித்தேன். மீதியை அனுமதி கேட்டுப் படித்தேன். மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்து வேலைக்குப் போகும்போது, அந்த நாவலை எடுத்தெழுதிய ஏழு நோட்டுப் புத்தகங்களை என்னிடம் விட்டு, “தப்பு இருந்தா திருத்தி வையுங்க ஐயா” என்று சொல்லிச் சென்றீர்கள்.

‘பதினோராவது கட்டில்’ நாவலை மூன்று முறை படித்துவிட்டேன். முதல் முறை பிழைக்காக. ஒன்பது பிழைகள். இரண்டாம் முறை, முதல் முறையில் பிழை பார்க்க மறந்துபோன பக்கங்களுக்காக. மூன்றாம் முறைக்குக் காரணம் எதுவும் இல்லை. பெண்கள் வார்டில் ஒரே கட்டிலில் ஒரு வருஷத்தில் படுத்து எழுந்த பதினான்கு பேரின் கதையை இதுவரை நான் எங்கும் படித்ததில்லை. என் படிப்பு குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இந்தக் கடிதம் எழுதுவதன் காரணம் வேறு. நூலக வாசகசாலையில் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் படித்தேன். லண்டனில் சிலர் இருக்கிறார்களாம். எழுதுகிறவர்களிடம் கையெழுத்துப் பிரதியை வாங்கி, பதிப்பாளரிடம் கொண்டுபோய்ப் பேசி முடித்து, வருவதில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். எழுதுகிறவர் வீட்டிலேயே இருக்கலாம். நம் ஊரில் இந்த வேலைக்குப் பெயர்கூட இருப்பதாகத் தெரியவில்லை.

உங்களுக்கு லீவு கிடைப்பதில்லை. எனக்கு லீவு மட்டுமே இருக்கிறது. நான் இதைச் செய்து பார்க்கலாமா? முன் அனுபவம் கிடையாது. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் பிறர் தாக்கல் செய்த மனுக்களை வாங்கி வைத்தவன். எதையும் நானாகத் தாக்கல் செய்ததில்லை. வேண்டாம் என்றால் ஒரு கார்டில் ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
வி. தணிகாசலம்


மதனப்பள்ளி
17-1-68

மதிப்பிற்குரிய சிரஸ்தார் ஐயாவுக்கு,

செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. புத்தகத்தில் என் பெயர் முழுசாக வரவேண்டும். சாமுவேல் சம்பூர்ணம். அப்பா பெயர் முன்னால். ‘சா.’ என்று புள்ளி வைத்துச் சுருக்கக்கூடாது. புனைபெயர் கூடவே கூடாது. இதுவரை பத்திரிகைகளுக்கு மூன்று கதை அனுப்பியிருக்கிறேன். ஓர் ஆசிரியர் நல்லவிதமாகத்தான் பதில் எழுதினார்: கதை நன்றாக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போடலாம், ‘சந்திரலேகா’ என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று. நான் பதில் போடவில்லை.

மாகறலில் என் அப்பா அறுபது வயதுவரை மற்றவர்கள் நிலத்தில் வேலை செய்தார். அவரைப் பெயர் சொல்லி அந்த நிலத்துக்காரர்கள் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டதை இங்கே எழுத வேண்டாம். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பெயர் வராது என்றால் நாவல் வேண்டாம். நோட்டுகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மற்றபடி காசு, அட்டை, எழுத்துப் பிழை எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஆபரேஷன் செய்த இடத்தில் குளிருக்கு இழுக்கிறதா? கனம் தூக்காதீர்கள்.

சம்பூர்ணம்


காஞ்சிபுரம்
20-3-1968

அன்புள்ள அம்மாளுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஏழு நோட்டுகளையும் ஃபுல்ஸ்கேப் தாளில் சுத்தப் பிரதி எடுத்தேன். 296 பக்கம். ஆறு வாரம் ஆயிற்று.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் பரசுராமன் என்று பட்டுப்புடவைத் தரகர் இருக்கிறார். தறிக்காரர்களிடம் புடவையை வாங்கிக் கடைகளில் காட்டி விலை முடித்துக் கொடுப்பவர். முப்பது வருஷத் தொழில். அவர் செய்வதும் நான் செய்யப்போவதும் ஒன்றுதானே என்று தோன்றியது. போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார். கடைக்காரர் காலைப் பூஜை முடித்து உட்கார்ந்த பிறகுதான் போகவேண்டுமாம். சரக்கைப் புகழக்கூடாதாம். “பொடவைய மடியில போட்டுட்டு நீங்க வேற பக்கம் பாத்துக்கினு இருக்கணும், ஐயா. அது பேசும்.” இதெல்லாம் என் சுபாவத்துக்குப் பொருந்துவதாகவே இருந்தது. கடைசியில் ஒன்று சொன்னார்.

“ரேட்டு முடியற வரைக்கும் எந்தத் தறியில நெய்ததுன்னு வாயத் தொறக்காதீங்க. தொறந்தீங்கன்னா, அடுத்த பொடவைக்கு அவனே நேரா தறிக்காரன் வூட்டுக்குப் போயிடுவான். நீங்க குடையப் புடிச்சிக்கினு தெருவுல நிக்க வேண்டியதுதான்.”

அனுபவஸ்தர் சொல்வதால் குறித்துக்கொண்டேன்.

சென்ற திங்கட்கிழமை சென்னைக்குப் போனேன். பைகிராப்ட்ஸ் ரோட்டில் ஒரு பதிப்பகத்தின் வாசலை நான்கு முறை கடந்தேன். ஐந்தாம் முறை அங்கே இருந்தவர், “ஏதாவது அட்ரஸ் தேடறீங்களா?” என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லி, தேவையில்லாத ஒரு முகவரியைக் கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். புதன்கிழமை மறுபடி போனேன். வேறு பதிப்பகம். உரிமையாளர் பெயர் கலியாணசுந்தரம். ஐம்பது வயது இருக்கும். பிரதியை மேஜைமேல் வைத்து, பரசுராமன் சொன்னபடி வேறு பக்கம் பார்த்தேன். அவர் பத்துப் பக்கம் படித்தார். ஒரு மாதம் பார்வைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, கேட்டதன் பேரில் ரசீதும் கொடுத்தார்.

தணிகாசலம்


மதனப்பள்ளி
2-4-68

ஐயா,

வாசலைக் கடந்த கதையை இரண்டு நர்ஸுகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பட்டுத் தரகர் சொன்னதில் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பதிப்பாளரிடம் என் பெயரைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. நான் இரண்டு தடவை தேடினேன்.

சம்பூர்ணம்


காஞ்சிபுரம்
6-5-1968

அன்புள்ள அம்மாளுக்கு,

நாவலை எடுத்துக்கொண்டார்கள். இந்த வரியை முதலில் எழுதவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்தேன்.

கலியாணசுந்தரம் இரண்டு முறை படித்தாராம். பன்னிரண்டாவதாக வரும் கிழவி கட்டிலை விட்டு எழுந்திருக்க மறுக்கும் அத்தியாயத்தை அவருடைய மனைவியும் படித்தாராம். ஆயிரத்து நூறு பிரதி. ஜூலைக்குள் அச்சேறினால் இந்த வருஷ நூலகங்களுக்கு வாங்கும் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார். விலை விவரங்களைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் சொல்லவில்லை. பிரதியிலும் பெயர்த் தாளை வைக்கவில்லை. என் பையில் தனியாக வைத்திருந்தேன். விலை பேசி முடிந்ததும் கொடுத்துவிட்டேன். நாவலின் பெயரும் அதன் கீழே உங்கள் பெயரும் முழுசாக எழுதிய தாள். அப்போது அவர் எதிரில் வேறு இரண்டு எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். குறுக்கிட மனம் வராமல் தாளை மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளினேன். எடுத்துப் பார்த்து, “சரி சார், போட்டுடலாம்” என்றார். ஆகவே அந்த விஷயம் முடிந்தது.

கருடசேவைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் போகும் என்பதால், அச்சுப் பிழை திருத்தத் தாள்களைத் தபாலிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தணிகாசலம்


மதனப்பள்ளி
22-5-68

ஐயா,

கடிதத்தை யூனிஃபாரம் பையில் வைத்துக்கொண்டு ஒரு முழு ஷிஃப்ட் நடந்தேன். வேறென்ன எழுத.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். பைபிள் எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டி வாசிப்பார். அட்டையில் அவர் பெயர்தான் முதலில் இருக்கும், அதை அவரே வாசித்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று எழுதினேன். பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் கொடுத்து அந்தக் கடிதத்தை நான்கு முறை வாசிக்கச் சொன்னாராம்.

நன்றி ஐயா. எனக்கு இந்த வார்த்தை அதிகம் வராது.

சம்பூர்ணம்


மதனப்பள்ளி
10-7-68

சிரஸ்தார் அவர்களுக்கு,

இந்த வாரப் பத்திரிகை இன்று சானடோரியத்துக்கு வந்தது. நாற்பத்தோராம் பக்கம், கீழ்ப் பாதி.

“விரைவில் வெளிவருகிறது. பதினோராவது கட்டில். காஞ்சி தணிகாசலம் எழுதும் நெஞ்சை உருக்கும் நாவல்.”

இரண்டு மாதம் முன்னால் இதே வராந்தாவில் எல்லோருக்கும் சொன்னேன். இன்று அவர்களே எடுத்துவந்து காட்டினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவுக்கும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

நோட்டுகளைத் திருப்பி அனுப்புங்கள். ஏழும்.

சா. ச.


காஞ்சிபுரம்
14-7-1968

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இத்துடன் வைத்திருக்கும் தாள் ஜூலை மூன்றாம் தேதியே நான் எழுதியது. தபாலில் சேர்க்கவில்லை. அதைத் திருத்தாமல், கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். நோட்டுகள் நாளை ரிஜிஸ்தர் தபாலில் வரும்.

தணிகாசலம்

(இணைப்பு)

காஞ்சிபுரம்
3-7-1968

அன்புள்ள அம்மாளுக்கு,

ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி புத்தகத்தின் மேலட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் பார்வைக்கு வந்தன. அட்டையில் ‘காஞ்சி தணிகாசலம்’ என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ‘சாமுவேல் சம்பூர்ணம் அவர்களுக்கு’ என்று சமர்ப்பணம். நான் மேஜைமேல் தள்ளிய தாளை அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். பெயர் இல்லாத பிரதியை நான் கொண்டுபோனேன். என் கையெழுத்து. யார் எழுதியது என்று அவர் கேட்டபோது, “எனக்குத் தெரிந்த ஒருவர்” என்றேன். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் கூச்சத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். விலை முடிவதற்குள் அவர் மனதில் நான்தான் ஆசிரியர் என்று ஆகிவிட்டது.

பரசுராமனிடம் போய்ச் சொன்னேன். “பொடவைக்குப் பேரு வேணாம் ஐயா. கட்டிக்கினு போறவங்களுதாப் பூடும். பொஸ்தகத்துக்கு வேணும்னு எனக்கென்னா தெரியும்?” என்றார். அவர்மேல் குற்றமில்லை. புத்தகத்துக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதியது தவறு நடந்த விதம். இனி எழுதுவது வேறு.

அட்டை வந்தது இருபத்திரண்டாம் தேதி. இன்று மூன்றாம் தேதி. இடையில் பதினொரு நாள். என் மனைவி அலமு அந்த அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். “பேரு நல்லாத்தான் இருக்குது” என்றாள். எழுதியது நான் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பெயரைப் பற்றி மட்டும் சொன்னாள். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் பார்த்தேன். பதினொரு நாளும் பார்த்தேன். என் பெயரை அச்சில் இதற்கு முன்னால் பார்த்தது அரசாங்க கெஜட்டில், ஓய்வுபெற்றோர் பட்டியலில்.

அச்சகத்தை அன்றே நிறுத்தச் சொல்லி ஒரு தந்தி அடித்திருக்கலாம். தந்தி ஆபீஸ் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நாளை காலையில் சேர்த்துவிடுவேன்.

தணிகாசலம்


மதனப்பள்ளி
20-7-68

ஐயா,

நோட்டுகள் வந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

தரகர் கதையை நம்புகிறேன். மேஜைமேல் தள்ளிய தாளையும் நம்புகிறேன், நீங்கள் தள்ளியிருப்பீர்கள். என் புத்தகத்தை எனக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார் என்று படித்தபோது, கோபத்தின் நடுவில் ஒரு நிமிஷம் சிரித்தும்விட்டேன்.

காலண்டர் ஆணியை நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. எழுதிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் நோட்டுகளை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அப்பாவுக்கு விளம்பரத்தை வாசித்துக் காட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆசிரியர் எழுதிய கார்டில் அப்பா சொன்னது அப்படியே இருக்கிறது: “எம்பேரு எங்கன்னு கேட்டேன். அதுல இல்லன்னாங்க. நீ தப்பாப் பாத்திருப்பேம்மா.”

மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். வார்டில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் நாங்கள் உட்கார்ந்து அழுவதில்லை. முதலில் நோயாளியிடம் ஓடுவோம். புத்தகம் இன்னும் வெளியே வரவில்லை. போங்கள்.

சம்பூர்ணம்


காஞ்சிபுரம்
9-8-1968

அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் 23ஆம் தேதி கிடைத்தது. 24ஆம் தேதி சென்னைக்குப் போனேன். அன்று வாசலைக் கடக்கவில்லை. நேரே உள்ளே போனேன்.

நடந்ததைக் கலியாணசுந்தரத்திடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்பாகப் பேசினார். மேலட்டை அடித்தாகிவிட்டது, முதல் எட்டுப் பக்கப் பாரம் அடித்தாகிவிட்டது, நூலகப் பட்டியலுக்கும் என் பெயரில் அனுப்பியாகிவிட்டது, இனி மாற்றினால் இந்த வருஷம் போய்விடும் என்றார். பணம் முழுவதையும் உங்களுக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பெயர் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த புத்தகத்தை உங்கள் பெயரில் போடலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கோச்சுக்காதீங்க சார். சிரஸ்தார் எழுதுனதுன்னா ஒரு மதிப்பு. இந்தப் பேரைப் போட்டா, ஏதோ மாதா கோயில்ல சும்மா குடுக்கற புஸ்தகம்னு நெனைச்சுக்குவாங்க.”

டீ வந்தது. குடித்தேன். அவர் சொன்னவற்றில் நியாயமானவை எவை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். நூலகத் தேதி நியாயம். அச்சுச் செலவு நியாயம். கடைசியாகச் சொன்னது நியாயமில்லை. பையில் இருந்ததை எடுத்து அவர் முன் வைத்தேன். முந்தின நாள் எழுதியது, மூன்று நகல். நூலக ஆணைக் குழு அலுவலகத்துக்கு ஒரு மனு. மேற்படி நாவலை எழுதியவர் சாமுவேல் சம்பூர்ணம் என்றும், மனுதாரர் தணிகாசலம் அதில் ஒரு வரியும் எழுதவில்லை என்றும், பட்டியலில் பெயரைத் திருத்தவேண்டும் என்றும். கோர்ட்டில் பெயர்த் திருத்த மனு எழுதும் முறைப்படியே எழுதியிருந்தேன்.

படித்துவிட்டு, “நான் திருத்தலைன்னா?” என்று கேட்டார்.

“நான் எழுதலைன்னு நானே சாட்சி சொல்லுவேன்” என்றேன்.

“யாருகிட்ட சார்?”

“கேக்கறவங்ககிட்ட. யாரும் கேக்கலைன்னா நானே போய் சொல்லுவேன்.”

அவர் என்னையே பார்த்தார். “அந்தம்மா உங்களுக்கு என்ன உறவு சார்?” என்றார். உறவு இல்லை, அவர்களுக்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். “இது என்ன வேலை?” என்றார்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். தலைப்புத் தாளையும் சமர்ப்பணத் தாளையும் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தலைப்புத் தாள் ஒன்றை ஒட்டுவது. மேலட்டையில் என் பெயர் இருக்கும் இடத்தை மூடும்படி, உங்கள் பெயர் அச்சிட்ட துண்டுத்தாளை ஒட்டுவது. அச்சுச் செலவு என்னுடையது. ஒட்டுவதற்கு ஆள் கிடையாது, பைண்டிங் ஆட்களுக்கு வேறு பள்ளிக்கூடப் புத்தக வேலை இருக்கிறது என்றார். நான் ஒட்டுகிறேன் என்றேன்.

சென்ற வாரம் முழுவதும் கிடங்கில் உட்கார்ந்து ஒட்டினேன். ஒரு நாளைக்கு நூற்று எண்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் பசை அதிகமாகி முப்பது அட்டைகள் சுருங்கிவிட்டன. அவற்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அவை வெளியே போகாது. பைண்டிங் ஆட்களில் ஒருவர், “இன்னா தாத்தா, யாரு பேர மறைக்கிற?” என்று கேட்டார். என்னுடையது என்றேன். நம்பவில்லை. சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “பேரு வர்றதுக்கு அவனவன் காசு குடுக்கறான், இவரு மறைக்கறதுக்குக் குடுக்கறாரு.” எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

செய்ய முடியாமல் போனதையும் சொல்லவேண்டும். பத்திரிகையில் வந்த விளம்பரத்துக்குத் திருத்தம் போடக் கேட்டேன். முடியாது என்றார். இரண்டாம் முறை கேட்கத் தைரியம் வரவில்லை. துண்டுத்தாள் கொஞ்சம் மெல்லியது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அடியில் இருக்கும் எழுத்துத் தெரிகிறது. தடித்த தாள் கேட்டேன். அன்று கிடைக்கவில்லை. நூலகப் பட்டியலில் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பது செப்டம்பரில்தான் தெரியும். மறுக்கப்பட்டால் நானூறு பிரதி நிற்கும் என்று கலியாணசுந்தரம் சொல்கிறார். அவர் முகம் சரியாக இல்லை.

ஐந்து பிரதிகள் தனிப் பார்சலில் வருகின்றன. என் பங்கு எனக்கு வேண்டாம். அதற்கான காரணத்தை நீங்கள் எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

தணிகாசலம்


மதனப்பள்ளி
25-8-68

ஐயா,

மூன்று நாள் லீவில் மாகறல் போய்வந்தேன். காஞ்சிபுரத்தில்தான் பஸ் மாறினேன். உங்கள் தெருவுக்கு வரவில்லை. நேரம் இல்லை என்று எழுதலாம், அது பொய். வரத் தோன்றவில்லை.

அப்பாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். சா, மு, வே, ல். பிறகு விரலை வைத்துத் தடவினார்.

“ஏம்மா, இது ஒட்டுன மாதிரி இருக்குதே?”

“ஆமாப்பா, ஒட்டுனதுதான்.”

“யாரு ஒட்டுனாங்க?”

முழுக் கதையையும் சொன்னேன். ஆணி உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தார். “ஆயிரத்துக்கும் அந்தாளே ஒட்டுனாரா?” என்றார். ஆமாம் என்றேன். ஒரு பிரதியை ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போய், அட்டையை மட்டும் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிட்டார். உள்ளே திறக்க விடவில்லையாம்.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெரிகிறது. மறைத்த இடத்தில் இன்னும் கொஞ்ச நாள் நீங்கள் இருக்கத்தான் செய்வீர்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. வருத்தமும் முன்போல் இல்லை.

உங்கள் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் நீங்கள் எனக்கு உபகாரம் செய்ததாக ஆகிவிடும். நீங்கள் வேலை செய்தீர்கள். முதலில் மோசமாக, பிறகு ஒழுங்காக.

இரண்டாவது நாவல் பார்சலில் வருகிறது. சானடோரியத்துச் சமையல்காரியைப் பற்றியது. இந்தத் தடவை நோட்டில் எழுதவில்லை, தனித் தாள்கள். நானே சுத்தப் பிரதி எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் என் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். உங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம்புகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. வேறு யாருக்கும் இதை அனுப்பவில்லை.

சம்பூர்ணம்


காஞ்சிபுரம்
2-9-1968

அன்புள்ள அம்மாளுக்கு,

பார்சல் முத்திரை உடையாமல் கிடைத்தது. 264 தாள்கள். இன்னும் படிக்கவில்லை. முதலில் தலைப் பகுதியை மட்டும், ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன்.

263 தாள்களில் உங்கள் பெயர் இருக்கிறது. 117ஆம் தாளில் இல்லை. எழுதும்போது யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பேனா என் கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

அந்த ஒரு தாளை இத்துடன் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கையால் எழுதித் திருப்பி அனுப்புங்கள். அதுவரை பிரதியை எங்கும் கொண்டுபோகமாட்டேன்.

இப்படிக்கு,
வி. தணிகாசலம்